சோடாவில் ஏறிய போதை

போன வாரம் பிளானோவில் மளிகைக் கடை வாசலில் சுகன்யாவைப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற கொரியக் கம்பெனியில், என் பழைய டீமில் இன்னும் வேலை பார்க்கிற பெண். ஒரு கையில் முருங்கைக்காய், இன்னொரு கையில் கார் சாவி. நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை அவளுக்கு.

"அங்கிள், மேட்டர் தெரியுமா? பதவிப் பேரு எல்லாத்தையும் தூக்கிட்டாங்க. இனிமே எல்லாரையும் ஃபர்ஸ்ட் நேம் சொல்லித்தான் கூப்பிடணுமாம். கொரியாலேர்ந்தே மெயில் வந்துருச்சு."

"நல்லதுதானேம்மா?"

"என்ன நல்லது? நேத்து மீட்டிங்ல யாரும் யாரையும் கூப்பிடவே இல்ல. எக்ஸ்க்யூஸ் மீ, எக்ஸ்க்யூஸ் மீன்னே முழு மீட்டிங்கும் ஓடுச்சு. நீங்கதான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவரு. அந்தக் காலத்துல எப்படி சமாளிச்சீங்கன்னு எழுதுங்க அங்கிள், படிச்சாவது சிரிக்கிறோம்."

எழுதிப் பழக்கமில்லை எனக்கு. பேசத்தான் வரும். அதுவும் தேவைக்கு மேலேயே வரும் என்பது என் மனைவி ஷாஹிதாவின் கட்சி. இருந்தாலும் கேட்டுவிட்டாளே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ராயப்பேட்டைக்காரன். பெயர் ஜமால். எலக்ட்ரானிக்ஸ் படித்து, சென்னையில் ஒன்று, பெங்களூரில் ஒன்று என்று இரண்டு கம்பெனிகளில் குப்பை கொட்டிவிட்டு, எச்-ஒன் விசாவில் டெக்சாஸுக்கு வந்து இறங்கினேன். அந்த வருஷங்களில் எல்லாரும் பட்ட பாட்டைத்தான் நானும் பட்டேன், சொல்ல ஒன்றுமில்லை. செல்போன் சிக்னலுக்காகத் தெருக் கம்பங்களில் மாட்டுகிற ரேடியோ பெட்டிகளைச் செய்யும் ஒரு கொரியக் கம்பெனி பிளானோவில் ஆபீஸ் திறந்தது. பெட்டிகளைச் சோதிக்கிற வேலைக்கு என்னை எடுத்தார்கள். சூடேற்றும் அறைக்குள் வைத்து வாட்ட வேண்டும், குளிரில் விறைக்க வைக்க வேண்டும், மேடையில் வைத்துக் குலுக்க வேண்டும். ஒரு பொருளைச் சித்திரவதை பண்ணச் சம்பளம் தருகிறார்களே என்று எனக்கு ஒரே குஷி.

முதல் மீட்டிங்கிலேயே மாட்டிக்கொண்டேன்.

நம் ஊரில் பந்தியானாலும் பஸ்ஸானாலும் முதலில் வருகிறவன் உள்ளே தள்ளி உட்கார வேண்டும். வாசலை அடைத்து உட்கார்ந்தால் பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள். அந்த நல்ல பழக்கத்தில், மீட்டிங் அறைக்கு முதலில் போன நான், கதவுக்கு ரொம்பத் தள்ளி, மேஜையின் அந்தக் கோடி நாற்காலியில் போய் ஜம்மென்று உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். சுவரோரம் நின்றார்கள். ஒருவரும் உட்காரவில்லை. பாவம், கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, பக்கத்து நாற்காலியைத் தட்டி "வாங்க, உட்காருங்க" என்று வேறு உபசரித்தேன்.

கடைசியாக ஹான் பூஜாங்நிம் வந்தார். ஹான் குடும்பப் பெயர். பூஜாங் என்றால் துறைத் தலைவர். நிம் என்பது நம்முடைய 'அவர்கள்' மாதிரி. குள்ளமான மனிதர், தண்ணீர் தொட்டு வாரிய தலை, சட்டைப் பையில் ஒரே ஒரு பேனா. கதவுக்கு எதிரே உள்ள கோடி நாற்காலி அவருடையது. கதவோரம் இருப்பது கடைசி ஆளுக்கு. அவர் என்னைப் பார்த்தார். கதவோர நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், மற்றவர்கள் முகத்தில் ரத்தமில்லை. பெரியவர் கடைசி இடத்தில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் எங்கே உட்காருவது? எங்கே உட்கார்ந்தாலும் அவருக்கு மேலே அல்லவா ஆகிவிடும்? மீட்டிங் முழுக்க எல்லாரும் நின்றார்கள். அந்தக் கோடியில் நானும் இந்தக் கோடியில் அவரும் மட்டும் மாப்பிள்ளையும் சம்பந்தியும் போல உட்கார்ந்திருந்தோம்.

முடிந்ததும் என் டீமில் இருந்த மின்-ஜே என்கிற கொரியப் பையன் விஷயத்தைச் சொன்னான். அலறியடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஓடினேன். ஹான் நிமிர்ந்து பார்த்து, "அங்கே ஏசி நன்றாக வருகிறதா?" என்று கேட்டார். அதோடு சரி. அவர் பேசியதெல்லாம் ஒட்டுப்போட்ட ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து குதித்தேன். இது அமெரிக்காவா, அரண்மனையா, நாற்காலியில் என்ன மேல் கீழ் என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தேன். ஷாஹிதா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்க அத்தா முன்னாடி நீங்க என்னிக்காவது கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கீங்களா?"

"அது அத்தா. இது ஆபீஸ்."

"அவங்களுக்கு ஆபீஸ்லயும் அத்தா இருக்காங்க போல. விடுங்க, ரசத்துக்குக் கொத்தமல்லி கிள்ளுங்க."

அடுத்த தலைவலி கை. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால் செய்வது அவர்கள் மரியாதை. நான் வளர்ந்த வீட்டில் இடது கையை நீட்டினால் அடி விழும். ஹான் காகிதத்தை நீட்டுவார், நான் வலது கையால் வாங்குவேன், இடது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அவர் கண்ணுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? பெரியவர் எதிரில் ஒரு கையைப் பின்னால் கட்டி நிற்கிற திமிர் பிடித்தவன். கொஞ்ச நாள் பொறுத்தவர், ஒருநாள் வாய்விட்டே கேட்டார். சொன்னேன். யோசித்தார். பிறகு எழுந்து வந்து, என் இடது கையைப் பிடித்து, என் வலது முழங்கைக்கு அடியில் வைத்தார். "இதுவும் எங்களுக்கு மரியாதைதான். உன் இடது கை பொருளைத் தொடாது. சரியா?" என்றார். மனிதர் அப்படித்தான். உன் வழக்கத்தை விடு என்றும் சொல்ல மாட்டார், தன் வழக்கத்தையும் விட மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் கண்டுபிடித்து அங்கே ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி டீம் டின்னர். பக்கத்து ஊர் கேரல்டனில் வரிசையாகக் கொரிய ஹோட்டல்கள் உண்டு. நடுவில் அடுப்பு வைத்த மேஜை, சுற்றிலும் இறைச்சி, சோஜூ என்கிற அவர்கள் ஊர்ச் சாராயம். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. சின்னவன் பெரியவருக்கு ஊற்ற வேண்டும், பெரியவர் தந்ததை முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் குடிக்க வேண்டும். நானோ குடிக்கவும் மாட்டேன், ஊற்றவும் மாட்டேன். முதல் டின்னரில் எல்லாரும் ஹானுக்கு ஊற்றி முடித்து, என் முறை வந்தது. கூட்டமே என்னைப் பார்க்கிறது. ஹான் தன் கோப்பையில் இருந்ததை ஒரே மடக்கில் காலி செய்து, துடைத்து, என் முன்னால் இருந்த எலுமிச்சை சோடா பாட்டிலைக் கண்ணால் காட்டினார். முழங்கையைத் தாங்கி ஊற்றினேன். முகம் சுளிக்காமல் குடித்தார். அன்றிலிருந்து எத்தனை டின்னர் வந்தாலும் என் கையால் அவருக்கு ஒரு கோப்பை சோடா உண்டு.

ஒரு நோன்பு மாதத்தில் டின்னர் வந்தது. பெரியவர் கரண்டியைத் தொடாமல் யாரும் சாப்பிடக் கூடாது என்பது அங்கே சட்டம். டெக்சாஸ் கோடையில் சூரியன் அவ்வளவு லேசில் இறங்குமா? அடுப்பில் இறைச்சி பொரிகிறது, பசி எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது, ஹான் மட்டும் கரண்டி பக்கமே கையைக் கொண்டு போகாமல் பேஸ்பால் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டிருந்தார். என் போனில் பாங்கு ஒலித்தது. நான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். அவர் கரண்டியை எடுத்தார். மொத்த டீமும் என்னோடு சேர்ந்து நோன்பு திறந்தது. மின்-ஜே இன்றைக்கும் அதைச் சொல்லிக் கரித்துக்கொட்டுவான்.

இந்த மனிதருக்கும் எனக்கும் ஒரு சோதனை வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

புதிய பெட்டி ஒன்று கொரியாவிலிருந்து வந்தது. வழக்கம்போல சூட்டறையில் வைத்தோம். டெக்சாஸ் ஆகஸ்ட் வெயில் அளவுக்குச் சூடு ஏறியதும் இரண்டு பெட்டிகள் அணைந்து, தானாகத் திரும்ப எழுந்தன. அணைந்து எழுகிற அந்தச் சில நிமிஷம் கம்பத்தைச் சுற்றியுள்ள போன்களில் பேச்சு அறுந்துபோகும். யாராவது அவசரத்துக்கு 911-ஐக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அறுந்துபோகும்.

இப்படிப்பட்ட விஷயத்தை அங்கே மீட்டிங்கில் போட்டு உடைக்கக் கூடாது. முதலில் மேலதிகாரியின் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, நின்றபடி சொல்ல வேண்டும். அவர் தனக்கு மேலே உள்ளவரிடம் சொல்வார். எல்லாரும் ஒத்துப்போன பிறகுதான் மீட்டிங். நிக்காஹ் மாதிரி, சம்மதத்தை வீட்டிலேயே வாங்கிவிட்டு சபையில் சும்மா கேட்பார்கள். நானும் முறைப்படி சொன்னேன். ஹான் கொரியாவுக்குப் பேசினார். 'உங்கள் சூட்டறையில் கோளாறு' என்று பதில் வந்தது. வேறு சூட்டறையில் வைத்தேன். அங்கேயும் பெட்டி மயங்கி விழுந்தது. ஹான் மறுபடி போன் செய்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். எழுந்து நின்று, போனுக்குக் குனிந்து குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டே பேசினார். வெளியே வந்தவர், "மிஸ்டர் ஜமால், கேட்டாகிவிட்டது" என்றார். அதற்கு மேல் மூன்றாவது தடவை என்று ஒன்று அவர்களிடம் கிடையாது.

அடுத்த வாரம் சாங்முநிம் வந்தார். சாங்மு என்றால் பூஜாங்குக்கு மேலே, வானத்துக்குக் கொஞ்சம் கீழே. முதல் சரக்கை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வந்திருக்கிறார். மீட்டிங்கில் "எல்லாம் சரியா?" என்று கேட்டார். எல்லாத் தலையும் ஆடியது. என் நாக்கு அரித்தது. ஹானின் பேனா மேஜையில் ஒரு தட்டுத் தட்டியது. வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மின்-ஜே காதருகே வந்தான். "நாளைக்கு டின்னர்ல சொல்லிடுங்க. குடிச்சிட்டு சின்னவன் என்ன சொன்னாலும் பெரியவங்க கேட்டுக்குவாங்க. மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்க ஊர்ல அதுக்குத்தான் டின்னரே."

"அப்ப நீ சொல்லு."

"நான் சின்னப் பையன். டெஸ்ட் பண்ணது நீங்க."

நான்தான் குடிக்க மாட்டேனே. குடித்தவன் சொன்னால் பழி சாராயத்தோடு போகும். தெளிவாக இருக்கிறவன் சொன்னால்? என் கிரீன் கார்டு மனு கம்பெனி கையில் இருந்தது. சாங்மு ஒரு வார்த்தை சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் ரிஸ்வானா அப்போது பதினொன்றாவது.

வீட்டில் ஷாஹிதா என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள்.

"கார்டு வர்ற வரைக்கும் வாயைக் கட்டிட்டு இருங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் ஒண்ணும் பேசலையே."

"பேசலன்னுதான் மூஞ்சி இப்படித் தொங்குது. என்னன்னு சொல்லுங்க."

சொன்னேன். டீயை என் முன்னால் வைத்தாள்.

"அந்தப் பொட்டிய எங்க மாட்டுவாங்க?"

"இந்த ஏரியாலதான். நம்ம ரோட்டுக் கம்பத்துலயும் வரலாம்."

"போன மாசம் எதிர் வீட்டு ஆன்ட்டிக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சுல்ல? அந்த அங்கிள் செல்லுல கூப்பிட்டுத்தானே வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள், உள்ளே போய்விட்டாள். பேசு என்று சொல்லியிருந்தால் கார்டைக் காட்டிச் சண்டை போட்டிருப்பேன். ரிஸ்வானாதான் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தா, ஜஸ்ட் டெல் தெம்" என்றாள். இந்த ஊரில் வளர்ந்த குழந்தைக்கு எல்லாமே ஜஸ்ட் தான்.

மறுநாள் சாயங்காலம் கேரல்டன் ஹோட்டல். உள் கோடியில் சாங்மு, பக்கத்தில் ஹான். சுற்று நடந்தது, முகங்கள் சிவந்தன. நான் சோடா பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சாங்மு பக்கத்தில் போய் மண்டியிட்டு, இடது கையை முழங்கைக்கு அடியில் வைத்து, அவருடைய காலிக் கோப்பையில் சோடா ஊற்றினேன். ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"சாங்முநிம், பெட்டி வெயிலில் நிற்கவில்லை. இரண்டு சூட்டறையிலும் பார்த்துவிட்டேன். அணைகிறது. அவசரத்துக்குக் கூப்பிடுகிறவர்களின் போனும் அறுந்துபோகும்" என்றேன்.

ஒருவன் அடுப்பில் திருப்பப் போன இறைச்சியைக் குறடோடு பிடித்தபடி நின்றான். ஹான் சட்டென்று எழுந்து என் தோளைப் பிடித்தார். சாங்முவின் முன்னால் இடுப்பு வரை குனிந்தார்.

"மன்னிக்க வேண்டும் சாங்முநிம். மிஸ்டர் ஜமால் குடித்திருக்கிறார்."

என் கையில் சோடா பாட்டில். எல்லாரும் பாட்டிலைப் பார்த்தார்கள். சாங்முவும் பார்த்தார். பிறகு என்னை. பிறகு ஹானை, ரொம்ப நேரம். கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். கீழே வைத்தார்.

"ரொம்ப ஸ்ட்ராங்" என்றார். "இவரை வீட்டுக்கு அனுப்பு."

அனுப்புவது யார்? அத்தனை பேரில் குடிக்காதவன் நான் ஒருத்தன்தான். ஒவ்வொரு டின்னருக்குப் பிறகும் இவர்களை வேனில் ஏற்றி வீட்டில் இறக்கிவிடுகிற டிரைவரும் நான்தான். ஆக, போதையில் இருந்தவன் டோல்வேயில் ஓட்டினான், தெளிவாக இருந்தவர்கள் பின்சீட்டில் பாடிக்கொண்டு வந்தார்கள். ஹான் மட்டும் பாடவில்லை. தன் வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைக்கு லேட்டாக வா. குடித்தவன் சரியான நேரத்துக்கு வரக் கூடாது" என்றார்.

நான் ஆபீசுக்கு லேட்டாகப் போனவனே இல்லை. எப்படி லேட் ஆவது என்று தெரியாமல் டோல்வேயில் காசு கட்டி ஒரு சுற்று சும்மா சுற்றிவிட்டுப் போனேன். மேஜையில் மூடி போட்ட கிண்ணம் இருந்தது. சோயா முளை போட்ட சூடான சூப். குடித்துவிட்டுத் தலைவலியோடு எழுகிறவர்களுக்கு அவர்கள் ஊரில் கொடுப்பது. மூடிமேல் ஹானின் கையெழுத்தில் 'இறைச்சி இல்லை' என்று ஒரு துண்டுச் சீட்டு.

சோதனை அறையில் சாங்மு கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, சூட்டறையின் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஹான் ஓரடி பின்னால். உள்ளே பெட்டி அணைந்து எழுந்தது. சாங்மு திரும்பி என்னைப் பார்த்தார்.

"தலைவலியா?"

"கொஞ்சம், சாங்முநிம்."

"சூப் குடி."

அந்த டின்னரைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரக்கு ஒப்படைப்பு தள்ளிப்போனது. கொரியாவில் பெட்டியைத் திருத்தினார்கள், திரும்ப வந்ததை நான் வாட்டி எடுத்தேன், கல் மாதிரி நின்றது. அடுத்த வருஷம் கிரீன் கார்டும் வந்தது. ஷாஹிதா பிரியாணி பண்ணி ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினாள்.

பிரியாணி சாப்பிட ஹான் அங்கே இல்லை. அதற்கு முன்பே, இங்கே வேலைக்குப் போட்ட தவணை முடியாமலே அவரைக் கொரியாவுக்குத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏதோ சின்ன ஊர்த் தொழிற்சாலையில், ஆள் இல்லாத ஒரு துறைக்குத் தலைவர். ஏன் என்று மின்-ஜேதான் மெதுவாகச் சொன்னான். அன்று காலை நான் டோல்வேயில் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஹான் சாங்முவிடம் போய், "டெஸ்ட் ரிசல்ட் என்னிடம் வந்தது. நான் மேலே சரியாகச் சொல்லவில்லை. தவறு என்னுடையது" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை போன் செய்ததும் அதே சாங்முவுக்குத்தான். சொல்லப்பட்டது சாங்முவுக்குத் தெரியும். சாங்முவுக்குத் தெரியும் என்பது ஹானுக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் இருந்தால்தான் சாங்மு மூக்கு உடையாமல் சரக்கை நிறுத்த முடியும். குடித்தவனைத் தண்டிக்க முடியாது. பெரியவரைச் சொல்ல முடியாது. நடுவில் மிச்சம் இருந்தது ஹான் மட்டும்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் வந்தது. அவர் கிளம்புவதற்கு முதல் நாள் அறைக்குள் போய், கதவைச் சாத்தாமலே, நிற்காமல் உட்கார்ந்தே கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள்தானே, போனை வைத்துக்கொண்டு நீங்கள் குனிந்ததை நான் பார்த்தேனே, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் பெட்டியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஜமால், நீ அன்றைக்குக் குடித்திருந்தாய். உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?" என்றார்.

சுகன்யாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவரை வீடியோவில் கூப்பிட்டேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். தலையில் முடி குறைந்திருந்தது, இருந்ததைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். பதவிப் பெயர்களை எடுத்துவிட்ட செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

"நல்லதாகப் போயிற்று. நான் இப்போது பூஜாங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. வயதில் நீதான் எனக்கு மூத்தவன். இனிமேல் நீ என்னைப் பெயர் சொல்லி, சாங்-ஹோ என்றே கூப்பிடலாம்" என்றார்.

இரண்டு தடவை வாயைத் திறந்தேன். வரவில்லை. மேஜையில் ஷாஹிதா வைத்துவிட்டுப் போன டீ இருந்தது. அதை எடுத்து, முழங்கையைத் தாங்கி, திரைக்கு முன்னால் நீட்டினேன்.

"மன்னிக்கணும் பூஜாங்நிம். நான் குடித்திருக்கிறேன். உங்கள் பெயர் ஞாபகம் வரவில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாட்டிக்கொண்டு, "சூப் குடி" என்றார்.